கொழுந்து மடுவத்துக்கு முன்னால் உலகக்கிண்ணம்

டிசம்பர் 14, 2022, புதன் – ஹட்டன்

கண்டியிலிருந்து வந்த பஸ் ஹட்டனில் இறக்கிவிட்டபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. மழை இல்லை. ஆனாலும் மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் கடைவீதிப் பெயர்ப்பலகைகளில் பாதியை மறைத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் டிசம்பருக்கு ஒரு போர்வை போதும்; இங்கே சட்டைக்கு மேல் சட்டை போட்டும் காது வலிக்கிறது. சிவனொளிபாதமலைப் பருவகாலம் கடந்த வாரப் போயாவோடு (பௌர்ணமியோடு) தொடங்கிவிட்டதால், வெள்ளை உடுத்திய யாத்திரிகர்கள் நல்லதண்ணி பஸ்ஸுக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தவிர மற்ற எல்லோருடைய கண்ணும் சிவந்திருந்தது. ஆர்ஜென்டினா – குரோஷியா அரையிறுதி எங்கள் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. முடிய இரண்டரை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு யார் தூங்கியிருப்பார்கள்?

என்னைத் தன் தோட்டத்து வீட்டுக்குக் கூட்டிப்போகவிருந்த நண்பர் மத்தியானம்தான் வேலை முடிந்து வருவார். அதுவரை பஸ் நிலையத்துக்கு மேலே உள்ள தேநீர்க்கடையில் உட்கார்ந்தேன். சாயம், அதாவது பாலில்லாத தேநீர், நாற்பது ரூபாய், பருப்பு வடை அறுபது. பால் தேநீர் கேட்டால் நூற்றுக்கு மேல். பால்மா விற்கும் விலையில் அதைக் குடிப்பவர்களைக் காணவில்லை. கடைக்காரர் முதல் மரக்கறி மூட்டை தூக்குபவர் வரை எல்லோருக்கும் ஒரே பேச்சு: அறுபத்தொன்பதாவது நிமிடம். மெஸ்ஸி வலது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோய், கூடவே ஓடிவந்த குரோஷியத் தடுப்பாட்டக்காரர் குவார்டியோலைத் திருப்பித் திருப்பி ஏமாற்றி, அல்வாரெஸுக்குத் தட்டிவிட்ட அந்தக் கோல்.

மூட்டை தூக்குபவர் அதை மேசையிலேயே ஆடிக் காட்டினார். சீனிப் போத்தல் குவார்டியோல், வெறும் தேநீர்க் கிளாஸ் மெஸ்ஸி. கிளாஸை இரண்டு விரலால் பிடித்து, போத்தலை ஒட்டி நகர்த்தி, நிறுத்தி, முதுகைக் காட்டித் திருப்பி, மறுபடியும் போத்தலின் இடுக்கால் நுழைத்தார். போத்தலும் சும்மா நிற்கவில்லை. அவருடைய இடது கை அதை விடாமல் கிளாஸின் பின்னாலேயே கொண்டுபோனது. பக்கத்து மேசை இளைஞன், “அவனுக்கு ஆடத் தெரியவில்லை” என்றான். பெரியவர் கிளாஸை வைத்துவிட்டார்.

“தம்பி, அந்தப் பையனுக்கு இருபது வயது. மூக்கு உடைந்து முகமூடி போட்டுக்கொண்டு ஆடுகிறான். ஓர் இடத்திலும் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை, காலைத் தட்டிவிடவில்லை. கடைசி வரை கூடவே ஓடினான். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்?”

இளைஞன் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டான். தோற்றவனுக்காக ஒரு மேசையே வாதாடுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் நாவாந்துறை சென்.மேரிஸுக்கும் குருநகர் பாடுமீனுக்கும் ஆட்டம் என்றால் தோற்றவர்கள் ஒரு கிழமைக்குச் சந்தைப்பக்கம் தலைகாட்ட முடியாது.

டிசம்பர் 15, வியாழன் – டிக்கோயா, நோர்வூட்

நேற்று இரவு ஹட்டனிலேயே தங்கினோம். பிரான்ஸ் – மொரோக்கோ ஆட்டத்துக்காக ஒரு முஸ்லிம் நானா தன் சாப்பாட்டுக் கடையை விடிய விடியத் திறந்து வைத்திருந்தார். உலகக்கிண்ண அரையிறுதிக்கு வந்த முதல் ஆபிரிக்க நாடு, முதல் அரபு நாடு. நானாவுக்கு அந்த மகிழ்ச்சியைத் தனியாக வைத்திருக்க முடியவில்லை. உள்ளே வந்த எல்லோருக்கும் இஞ்சித் தேநீர் இலவசம். ஐந்தாவது நிமிடத்திலேயே தியோ எர்னாண்டஸ் கோல் போட்டதும் கடை அமைதியாகிவிட்டது. எழுபத்தொன்பதில் கோலோ முவானி இரண்டாவதைப் போட்டார். அப்போதும் நானா தேநீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. “தோற்றால் காசு வாங்குவேன் என்று நான் சொல்லவில்லையே” என்றார். கொத்து ரொட்டிக்கு மட்டும் எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிடும் அளவு.

காலையில் நோர்வூட் பஸ். டிக்கோயாவைக் கடக்கும்போது நண்பர் டரவளை மைதானத்தைக் காட்டினார். ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடுவதற்காக உருவாக்கிய இடம். மலைச்சரிவுகளுக்கு நடுவே அவ்வளவு பச்சையான, அவ்வளவு சமமான தரையைப் பார்த்ததும் எனக்குப் பந்து ஒன்று கையில் இல்லையே என்றிருந்தது. அதற்கப்பால் காசல்ரீ நீர்த்தேக்கம் தொடங்குகிறது. தண்ணீர் தளும்பி நின்றது. கரை வரைக்கும் தேயிலை.

நோர்வூட்டிலும் ஒரு மைதானம் இருக்கிறது. 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் மோடி வந்து, மலையகத்துக்கு மேலும் பத்தாயிரம் வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது இந்த ஊரில்தான். அன்றைக்குத் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து வெயிலில் நின்றதை நண்பர் நினைவுகூர்ந்தார். அவர்கள் வீடு இன்னும் லயம்தான், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று.

தோட்டத்துக்கு ஓட்டோ பிடித்தோம். கடைசி ஏற்றத்துக்கு இரண்டு வளைவு கீழே வண்டி இருமிவிட்டு நின்றது. எரிபொருள் பங்கீட்டுக் கியூ.ஆர். அட்டைக்கு அந்த வாரம் கிடைத்த பெட்ரோல் தீர்ந்துவிட்டது. ஓட்டுநர் இறங்கி வந்து, பேசிய எண்ணூறில் ஐந்நூறு மட்டும் போதும் என்றார். முழுக்காசையும் கொடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். “நடக்கிற தூரத்துக்கு நான் எப்படி ஐயா காசு வாங்குவது?” வண்டியை உருட்டியபடியே இறக்கத்தில் திரும்பிப் போனார். வாயில் எம்பாப்பே பற்றிய பேச்சு ஓயவில்லை. அவர் பிரான்ஸ் பக்கம்.

தூறலில் நனைந்து போய்ச் சேர்ந்தபோது மின்வெட்டு நேரம். இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், ஒரு குப்பிவிளக்கு. நண்பரின் அம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டு, விறகடுப்புக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார். கல்லில் இருந்து நேரே தட்டில் விழும் தடித்த கோதுமை ரொட்டி, இடித்த கட்டைச்சம்பல், கருவாட்டுக் குழம்பு. “மா விலை ஏறியதிலிருந்து ரொட்டியை மெல்லியதாகத் தட்டுகிறோம் தம்பி. விருந்தாளி வந்தால் மட்டும் பழைய தடிப்பு” என்றார். நான் மூன்று சாப்பிட்டேன். நாலாவதைக் கேட்காமலே போட்டார்.

டிசம்பர் 16, வெள்ளி – தோட்டம்

தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்றார்கள். எழுதவில்லை.

காலை ஆறரைக்கே, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக்கயிறு, குளிருக்கு ஸ்வெட்டர். 2021 மார்ச் முதல் நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்திருக்கிறது. அது முழுப்பேர் விழுந்தால்தான். இங்கே பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிக்கூலி. முந்தின வருடம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திய வினை இன்னும் செடியில் தெரிகிறது என்றார் நண்பரின் அக்கா. சில மலைகளில் புல்தான் இடுப்புயரம். கொழுந்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கூடைக்கயிறு பட்டுப்பட்டு அவருடைய உச்சந்தலையில் ஒரு விரல் அகலத்துக்கு முடி தேய்ந்திருக்கிறது. அவர் ஆர்ஜென்டினா. ஏன் என்று கேட்டால், “மகன் அந்தப் பக்கம். மகன் கொழும்பில் இருக்கிறான். அவன் சத்தம் போடும்போது நானும் சத்தம் போட்டால் பக்கத்தில் இருப்பதுபோல இருக்கும்” என்கிறார்.

மாலை நாலரைக்குக் கடைசிக் கொழுந்து நிறுத்து முடிந்து லொறி போனதும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முற்றம் பிள்ளைகளுக்குச் சொந்தமாகிறது. இந்தத் தோட்டத்தில் சமமான தரை என்று இருப்பது இது ஒன்றுதான். ஒரு பக்கம் மண்மேட்டைத் தாங்கும் கருங்கல் சுவர். எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லை. முற்றத்தின் விளிம்பிலிருந்து தேயிலை நேரே பள்ளத்துக்கு இறங்குகிறது. அடியில் ஒரு கான், அதற்கும் கீழே ஓடை. மடுவத்தின் இரண்டு தூண்கள் ஒரு கோல். இன்னொரு கோலுக்கு இரண்டு கூடைகள்.

தட்டை நிலத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பாசையூர்க் கரையில் பந்தை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் போய் எடுத்துக்கொண்டு வரலாம். இங்கே ஓங்கி அடித்தால் ஆட்டம் நின்றுவிடும். அதனால் இவர்கள் அடிப்பதே இல்லை, தட்டுகிறார்கள். பந்து முழங்காலுக்கு மேல் எழும்புவது அபூர்வம். பள்ளத்துப் பக்கமாக ஓடும் பையன் உடலை எப்போதும் விளிம்புக்கும் பந்துக்கும் நடுவில் வைத்துக்கொள்கிறான். பாதத்தின் உள்பக்கத்தால் இழுத்து, குதிகாலால் நிறுத்தி, சுவர்ப்பக்கம் திருப்பிவிடுகிறான். பத்து வயதுப் பையன் ஒருவன் மூன்று பேருக்கு நடுவே, ஒரு பாய் அகல இடத்தில், பந்தை விடாமல் வைத்திருந்ததைப் பார்த்தேன். வெறுங்கால். பெருவிரல் நகம் பாதி பெயர்ந்து துணி சுற்றியிருந்தது. பந்து ஹட்டனில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கியது. சைக்கிள் கடையில் இரண்டு தடவை ஒட்டுப்போட்டாகிவிட்டது.

பள்ளத்தில் பந்தை விட்டவர் இறங்கிப்போய் எடுக்க வேண்டும். அவர் திரும்பி வரும்வரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். இதுதான் சட்டம். நானும் சேர்ந்து ஆடினேன். ஒரு பந்து என் காலில் பட்டுத் தாண்டியது. தேயிலைத் தூர்களுக்கு நடுவே கால்வைக்க இடம் தேடி இறங்கி ஏறி வந்தபோது, கணுக்காலில் இரண்டு அட்டைகள். தூண்களுக்கு நடுவே கோல் காத்துக்கொண்டிருந்த சிறுமி ஓடிவந்து, பாவாடைப் பையில் இருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து உப்பை அப்பினாள். மழைக்காலத்தில் உப்புப் பொட்டலம் இல்லாமல் யாரும் ஆட வருவதில்லையாம். அவளுக்குப் பதின்மூன்று வயது. பையன்களே அவளைக் கோலில் நிறுத்தியிருக்கிறார்கள். மற்றவர்கள் விளிம்பை நினைத்துத் தயங்கும் பந்துக்கு அவள் பாய்கிறாள். பாடசாலைக்கு உதைபந்தாட்ட அணி இல்லை. கேட்டால், “மைதானம் இல்லையே அண்ணா” என்கிறாள்.

ஏன் ஓர் இடத்தை வெட்டிச் சமப்படுத்தக் கூடாது? இந்தக் கேள்வியை இரவு இஸ்தோப்பில் வைத்தேன். பதில் சொன்னவர் எல்லோரும் ‘பிரேசில் மாமா’ என்று கூப்பிடுபவர். நண்பருக்குத் தாய்மாமன், தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். “நிலம் அரசாங்கத்துடையது. 1992இல் இருந்து கம்பெனிகள் கையில். இந்த லயத்தில் எங்கள் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம். பின்னால் ஒரு கோழிக்கூடு போடுவதற்கும் கடிதம் கொடுக்க வேண்டும். ஏழு பேர்ச் காணியும் ஒரு வீடும் கேட்டே வயதாகிவிட்டது. மைதானம் கேட்பதற்கு எங்களுக்கு இன்னொரு ஆயுள் வேண்டும் தம்பி.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. உதைபந்தாட்டத்துக்கு வேண்டியது ஒரு பந்தும் ஒரு துண்டுத் தரையும்தான். அதனால்தான் அது ஏழைகளின் ஆட்டம் என்கிறார்கள். அந்தத் துண்டுத் தரையை யார் வைத்திருக்கிறார்கள் என்பதை மலைநாட்டுக்கு வந்து பார்க்க வேண்டும்.

பிறகு மாமா 1990க்குப் போனார். லயத்தில் அப்போது மின்சாரம் இல்லை. நாலு குடும்பம் சேர்ந்து எடுத்த கறுப்பு-வெள்ளைத் தொலைக்காட்சி, நோர்வூட்டில் மின்னேற்றித் தோளில் தூக்கி வந்த கார் பற்றரி. பிரேசில் – ஆர்ஜென்டினா. பற்றரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கத்திலும் சுருங்கிக்கொண்டு வந்தது. எண்பதாவது நிமிடத்தையொட்டி மரடோனா நாலு பேரை இழுத்துக்கொண்டு போய்க் கனிஜியாவுக்குக் கொடுத்தபோது, அது உள்ளங்கை அளவு படமாகியிருந்தது. “அந்த அளவிலேயே கோல் விழுந்தது தெரிந்தது.” அன்றிலிருந்து ஆர்ஜென்டினா அவருக்கு ஆகாது. இந்த வருடம் காலிறுதியில் குரோஷியாவிடம் பெனால்டியில் பிரேசில் தோற்ற மறுநாள் காலை, மஞ்சள் கொடியைத் தானே இறக்கி மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். மருமகன் வீட்டு ஆர்ஜென்டினாக் கொடி மட்டும் லயத்தின் கூரையில் பறக்கிறது. வெள்ளை பாடசாலைச் சீருடைத் துணி, நீலம் கிழிந்த குடைத்துணி, நடுவில் சூரியன் பெயின்ட்.

டிசம்பர் 17, சனி – நுவரெலியா

நண்பருக்கு நுவரெலியாவில் ஒரு வேலை, நானும் போனேன். தலவாக்கலையில் பஸ் மாறி நானுஓயா வழியாக. வழியில் டெவன், சென்கிளயர் நீர்வீழ்ச்சிகள் இரண்டும் பனிமூட்டத்துக்குள். சத்தம் மட்டும் கேட்டது. ஊர் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் எலும்புக்குள் இறங்கியது. ஸ்ட்ரோபெரி சிறிய பெட்டி ஐந்நூறு ரூபாய், சாயம் நூறு.

இங்கே சமதரைக்குப் பஞ்சமே இல்லை. 1889இல் தொடங்கிய கொல்ப் கழகத்தின் பதினெட்டுக் குழி மைதானம் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் தள்ளி வட்டமான குதிரைப் பந்தயத் திடல். மட்டக்குதிரைகள் அங்கே தனியாக மேய்ந்துகொண்டிருந்தன. வேலிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். கோல் காக்கும் அந்தச் சிறுமியை இந்தப் புல்லில் நிறுத்திப் பார்க்க ஆசையாக இருந்தது.

திரும்பி வந்து தலவாக்கலையில் ஒரு பேக்கரியில் மூன்றாமிடத்துக்கான ஆட்டம். ஏழாவது நிமிடம் குவார்டியோல் தலையால் முட்டி ஒன்று, ஒன்பதாவது நிமிடம் மொரோக்கோவின் டாரி பதிலுக்கு ஒன்று, இடைவேளைக்குச் சற்று முன் ஓர்சிச் ஒன்று. குரோஷியா 2–1. குவார்டியோலின் கோலுக்கு நான் எழுந்து கைதட்டினேன். ஹட்டன் பெரியவர் எங்கிருந்தாலும் கைதட்டியிருப்பார். கடைசி பஸ் போய்விட்டதால் மரக்கறி லொறியின் பின்பக்கம், லீக்ஸ் மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து வந்தோம். லொறிக்காரர் காசு வாங்கவில்லை. ஸ்கோர் மட்டும் கேட்டார்.

டிசம்பர் 18, ஞாயிறு – தோட்டம்

பகல் முழுவதும் ஏற்பாடு. வீட்டுக்கு இருநூறு ரூபாய் சேர்த்து, நோர்வூட்டில் ஒரு பெரிய தொலைக்காட்சியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மடுவத்துக் கூரையின் கீழ் மேசை போட்டு அதை வைத்தார்கள். மாரியம்மன் கோவிலிலிருந்து கம்பி இழுத்து மின்சாரம். முற்றத்தில் இரண்டு எண்ணெய்த் தகரங்களில் தேயிலைக் கட்டையைப் போட்டு நெருப்பு. பெண்கள் சுண்டல் அவித்தார்கள். ஆண்கள் கோழி வெட்டினார்கள். எட்டரைக்கு ஆட்டம் தொடங்கியபோது பால்குடிப் பிள்ளை முதல் ஊன்றுகோல் கிழவி வரை எல்லோரும் மடுவத்துக்குள். பிரேசில் மாமாவும் வந்து, பின்வரிசையில், யார் பக்கமும் இல்லாமல் உட்கார்ந்தார்.

நண்பரின் அக்கா கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மடியில் வைத்திருந்தார். மறுமுனையில் கொழும்பில், வேலை செய்யும் கடையின் தொலைக்காட்சிக்கு முன்னால் மகன். இருபத்து மூன்றாவது நிமிடம்: டி மரியாவை டெம்பெலே தட்டிவிட, பெனால்டி. மெஸ்ஸி இன்னும் ஓடிவரவே தொடங்கவில்லை, கைபேசி “கோல்!” என்று கத்தியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொழும்புக்குப் படம் சில விநாடி முந்தி வருகிறது. முப்பத்தாறாவது நிமிடத்திலும் அப்படியே. மெஸ்ஸி தொட்டு, அல்வாரெஸ் ஓட்டி, மக் அலிஸ்டர் குறுக்கே கொடுத்து, டி மரியா முடித்த அந்த அழகான கோலை, முதலில் மகனின் குரலில் கேட்டு, பிறகுதான் கண்ணால் கண்டோம். பையன்கள் முறைப்பாடு செய்தார்கள். அக்கா கைபேசியை அணைக்கவில்லை. யாரும் அதற்கு மேல் வற்புறுத்தவும் இல்லை.

நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் பிரெஞ்சுப் பயிற்றுநர் ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே எடுத்தார். இடைவேளை கூட ஆகவில்லை. முன்வரிசையில் இருந்து ஒரு கொழுந்துக்கார அக்காவின் குரல்: “அரைப்பேர் கூடப் போடாமல் அனுப்பிவிட்டாரே!” மடுவமே அதிர்ந்தது. பிரேசில் மாமாகூடச் சிரித்தார்.

இரண்டாம் பாதியில் ஆட்டம் முடிந்ததாகவே நினைத்தோம். எழுபது நிமிடத்தைத் தாண்டும்போது, காலையில் பிரட்டுக்குப் போக வேண்டிய பெண்கள் சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். எண்பதாவது நிமிடத்தில் எம்பாப்பே பெனால்டியைப் போட்டார். சரி, ஆறுதல் கோல். மறுபடியும் பந்து நடுவில் வைக்கப்பட்டது. ஆர்ஜென்டினாவிடம்தான் பந்து இருந்தது. அப்போது மடியிலிருந்து கைபேசி, “ஐயோ அம்மா, போய்விட்டது” என்றது.

அந்தச் சில விநாடிகளை என்னால் மறக்க முடியாது. ஐம்பது அறுபது பேர் திரையைப் பார்க்கிறோம். என்ன நடக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எப்படி என்றுதான் தெரியாது. மெஸ்ஸியிடமிருந்து பந்து பறிபோகிறது. இதோ, பந்து அந்தரத்தில் வருகிறது. எம்பாப்பே அது தரையில் விழும் முன்பே உதைக்கிறார். 2–2. போன பெண்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி, 3–2. ஆர்ஜென்டினாவின் மொன்டியேல் கையில் பந்து பட்டு மறுபடியும் பெனால்டி, எம்பாப்பே மூன்றாவது. 1966இல் இங்கிலாந்தின் ஜெப் ஹேர்ஸ்டுக்குப் பிறகு இறுதியாட்டத்தில் மூன்று கோல் போட்டவர் இவர் ஒருவர்தான். கடைசி விநாடிகளில் கோலோ முவானி தனியாக வந்து உதைத்ததை ஆர்ஜென்டினாவின் கோல்காப்பாளர் மார்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். நான் திரையைப் பார்ப்பதா, பக்கத்தில் இருந்த சிறுமியைப் பார்ப்பதா? அவள் எழுந்து, தன் காலையும் அதேபோல நீட்டி, அந்த நிலையிலேயே நின்றாள். “இவ்வளவு அகலம்தான் அண்ணா. இதற்கு மேல் ஒரு விரல் தள்ளிப் போயிருந்தால் முடிந்தது.” அடுத்த உதை, அதற்கடுத்த உதை என்று பெனால்டிகள் வரும்போது அவள் ஒவ்வொன்றுக்கும் முன்பே இடமா வலமா என்று சொன்னாள். பிரான்ஸின் கொமானுடைய உதை எந்தப் பக்கம் வரும் என்று அவள் சொன்னாளோ, மார்டினெஸும் அந்தப் பக்கமே பாய்ந்தார்.

பெனால்டிகள் தொடங்கும் முன் அக்கா கைபேசியைக் காதோடு வைத்து, “மகனே, இனிமேல் வாயை மூடிக்கொண்டிரு, போகாதே, அங்கேயே இரு” என்றார். அவன் சத்தமே போடவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிரான்ஸின் சுவமேனி வெளியே அடித்தார். கடைசியாக மொன்டியேல், கையால் பெனால்டி கொடுத்த அதே மொன்டியேல், உள்ளே போட்டார். 4–2. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. தகரம் தட்டினார்கள், பட்டாசு கொளுத்தினார்கள். அக்கா கைபேசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். மாமா எழுந்து வந்து, மருமகனுக்குக் கை கொடுத்தார். “மெஸ்ஸிக்காகத்தான். கொடிக்காக இல்லை” என்றார்.

நெருப்பு அணையும்வரை பேச்சு. 3–3, பிறகு பெனால்டி என்றதும் ஒருவர் கேட்டார்: “போன வருடம் கொழும்பு ரேஸ்கோர்ஸில் நமக்கு என்ன நடந்தது?” நவம்பர் 2021, நாலு நாடுகள் கிண்ணத்தின் இறுதியாட்டம், சீஷெல்ஸுடன் 3–3, பெனால்டியில் இலங்கை தோற்றது. இங்கே அதை நிமிடம் நிமிடமாகச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். லெபனானுக்கு எதிராக வசீம் ராசிக் போட்ட இரண்டு கோல்களையும் சொல்கிறார்கள். அந்த அணியில் தங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் ஆட வேண்டும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கேட்டேன். “முதலில் பந்து பள்ளத்துக்குப் போகாமல் ஒரு மணி நேரம் ஆட வேண்டும்” என்றான் நகம் பெயர்ந்த பையன்.

டிசம்பர் 19, திங்கள் – தோட்டம், ஹட்டன்

பிரட்டுக்கு எல்லோரும் போனார்கள். ஒருவர்கூட நிற்கவில்லை. கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடும்போதே இடையிடையே மார்டினெஸைப் பற்றிக் கேட்டார். அவரும் தூங்கவில்லை.

இரவு அந்தப் பையன் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. மைதானம் என்னால் கொடுக்க முடியாது. ஆனால் எங்கள் ஊரில், கடலுக்குள் கம்பு நட்டு வலை கட்டி மீன் பிடிப்பார்கள். கிழிந்து ஒதுக்கிய வலை ஒவ்வொரு வீட்டு வேலியிலும் கிடக்கிறது. விளிம்பு நெடுகிலும் கம்பு நட்டு அந்த வலையைக் கட்டினால் பந்து நிற்கும். இதைச் சொன்னதும் பையன்கள் ஓடிப்போய்க் கூடைக்கயிறு கொண்டுவந்து முற்றத்தை அளந்தார்கள். எழுபது அடி நீளம். உயரத்துக்குப் பத்தடி போதும் என்றார்கள்; சிறுமி பன்னிரண்டு வேண்டும் என்று சண்டை பிடித்து வென்றாள். மாமா சவுக்குக் கம்பு பார்த்துத் தருவதாக ஏற்றுக்கொண்டார். கணக்கப்பிள்ளையிடம் கேட்டபோது கொஞ்ச நேரம் யோசித்து, “கட்டடம் என்றால் கடிதம் வேண்டும். வேலிதானே? நான் துரையிடம் வாயால் சொல்லிவிடுகிறேன்” என்றார்.

ஹட்டனுக்கு ஓட்டோவில் இறங்கும்போது மாமா பஸ் நிலையம் வரை கூடவே வந்தார். அவருக்கு இன்னொரு கவலை. 2026இல் உலகக்கிண்ணம் அமெரிக்காவிலும் கனடாவிலும் மெக்சிகோவிலும், 48 நாடுகள். அங்கே மாலை என்றால் இங்கே அதிகாலை. ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் பிரட்டுச் சங்கு ஊதும். “ஒரு மாதத்துக்குப் பிரட்டை எட்டு மணிக்குத் தள்ளிவைக்கச் சங்கத்தில் இப்போதே பேச வேண்டும்” என்றார். அதைச் சொல்லிவிட்டு, பிரேசில் பற்றி ஆரம்பித்தார். பஸ் புறப்படும்வரை நிறுத்தவில்லை.

வலையைக் கண்டி பஸ்ஸில் போட்டால் நண்பரின் தம்பி எடுத்துக்கொள்வான். தைப்பொங்கல் விடுமுறைக்கு முன் கட்டிவிட வேண்டும் என்பது பிள்ளைகளின் கட்டளை. சனிக்கிழமை பாசையூரில் வீடு வீடாகக் கேட்கப்போகிறேன். குருநகர், நாவாந்துறைப் பக்கம் இதை வாசிப்பவர்கள் யாரிடமாவது பழைய வலை இருந்தால் வைத்திருங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன். கண் நாலு விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம். மேட்டில் காற்று பலம் என்பதால் மிகவும் சிறிய கண்ணும் வேண்டாம்.